ஷட்டருக்குக் கீழே ஒரு கதிரை

முதலில் நினைவுக்கு வருவது ஒரு பால் பைக்கற். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் மகன் அதைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, கிழிந்த சாறத் துண்டொன்றில் சுற்றி, தோல் கையுறையும் முகக்கவசமும் கிடக்கும் பையின் அடியில் வைப்பான். சின்ன வயதில் பால் என்றாலே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறவன். ஒரு கோப்பைப் பாலை அவனுக்குள் இறக்குவதற்காக என் மனைவி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைத் தண்டவாளத்து ஓரமாக நின்று, அடுத்த ரயில் வரும்வரை கெஞ்சியிருக்கிறாள். அப்படிப்பட்டவன் வளர்ந்து மீசை வைத்த பிறகு தானாகவே பால் வாங்கிக்கொண்டு போகிறான் என்றால் பெற்றவர்களுக்கு என்ன தோன்றும்? பாரமான வேலை பழகுகிறான், உடம்பு கேட்கிறது என்று நினைத்தோம். மனைவி கடையில் இரண்டு பைக்கற் கூடுதலாக வாங்கத் தொடங்கினாள். அந்த நாட்களில் நாங்கள் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வாய் கசக்கிறது.

அவனுக்குப் படிப்பு ஓடவில்லை. உயர்தரப் பரீட்சை இரண்டாம் முறையும் கைவிட்ட பிறகு நுகேகொடையில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் நின்றான். கிழமை நாட்களில் உடைந்த கண்ணாடி மாற்றுவான், கவர் விற்பான், பின்னேரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவாமல் படுப்பான். வெளிநாட்டுக்குப் போன கூட்டாளி ஒருவன்தான் வெல்டிங் பழகு, எங்கே போனாலும் எடுப்பார்கள் என்று சொன்னவன். சனி ஞாயிறுகளில் மட்டும் நடக்கும் வகுப்பொன்று கொட்டாஞ்சேனையில் இருப்பதை மகனே தேடிக் கண்டுபிடித்தான். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறேன். விபத்து இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். விரல் போனவர்கள், கண் போனவர்கள், ஏணியால் விழுந்தவர்கள் எல்லோரும் நாள் முழுவதும் என் மேசையில்தான். ஆகவே வெல்டிங் என்றதும் நான் பயந்தேன். பயந்து, கண்ணைப் பார்த்துக்கொள், மின்சாரத்தைப் பார்த்துக்கொள், சப்பாத்துப் போடு என்று எதையெதையோ சொன்னேன். மூச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது என் மேசைக்கு வந்ததில்லை.

அந்த வகுப்பை நடத்திய மனிதரின் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். கொழும்பில் மேசன், தச்சர், மெக்கானிக், வெல்டிங்காரர் எல்லோரும் தமிழிலும் சிங்களத்திலும் பாஸ்தான். பையன்களுக்கும் அவர் பாஸ். நானும் பாஸ் என்றே எழுதுகிறேன். குள்ளமான, அகன்ற நெஞ்சுக்காரர். சட்டையின் முன்பக்கம் முழுவதும் பொறி பட்டுச் சல்லடையாகியிருக்கும். யாரைக் கண்டாலும் சிரிப்பார், எல்லோரும் அவருக்கு மல்லி, சிங்களத்தில் தம்பி. முதல் நாள் மகனைச் சேர்க்கப் போனபோது என் நீளக்கைச் சட்டையைப் பார்த்து, “சேர் ஒண்ணுக்கும் பயப்பட வாணாம், இது வாசிச்சுப் படிக்கிற வேல இல்ல, மல்லிய எங்கிட்ட விட்டுட்டுப் போங்க” என்று என் தோளில் தட்டினார். நான் விட்டுவிட்டு வந்தேன்.

காய்ச்சல் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு முடிந்து பின்னேரம் வந்தவன் சாப்பாடு வேண்டாம் என்றான், தண்ணீர் குடித்தால் வாய் இனிக்கிறது என்றான், இருட்டுவதற்குள் பல் கிட்டி நடுங்கத் தொடங்கிவிட்டான். கொழும்பில் மழைக்காலத்தில் பிள்ளை நடுங்கினால் யாருக்கும் வேறொன்றும் தோன்றாது. மறுநாள் விடிந்ததும் இரத்தம் சோதிக்கக் கூட்டிப் போனேன். டெங்கு இல்லை என்றார்கள். மத்தியானம் அவன் எழுந்து சோறு கேட்டான். அடுத்த கிழமை சுகமாக இருந்தான். அதற்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே நடுக்கம், அதே இனிப்பு, திங்கட்கிழமை மத்தியானம் அதே சோறு. மனைவி பப்பாசி இலை தேடிச் சந்தைக்கு ஓடினாள். நான் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு மறுபடியும் இரத்தம் சோதிக்கும் வரிசையில் நின்றேன். டெங்கு தொடக்கத்தில் சோதனையில் பிடிபடாது என்று யாரோ சொல்லியிருந்ததை நான் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் மாடிவீட்டில் மேல்தளத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் அம்மா ஒருவர் இருக்கிறா. படிக்கட்டு முழுவதும் அந்தூரியம் சாடிகள், சாடிகளுக்குக் கீழே தட்டுகள், தட்டுகளில் தண்ணீர். நான் மேலே ஏறிப்போய் அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டி வருவேன் என்று படிக்கட்டில் நின்று கத்தினேன். அவ கதவுநிலையில் சாய்ந்து நின்று, நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தா.

“தம்பி, என்ர சாடி நுளம்பு என்ன கலண்டர் பார்த்தோ கடிக்குது? ஞாயிற்றுக்கிழமை மட்டும்?”

அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். கோபத்தில் இருந்ததால் அது எனக்கு நக்கலாக மட்டும்தான் கேட்டது. அவவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தட்டில் நுளம்புப் புழு இருந்ததும் உண்மைதான்.

இப்படியே மழைக்காலத்தின் பாதி போயிற்று. ஒரு ஞாயிறு காலை மகன் பால் பைக்கற்றை மேசையில் மறந்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு அன்று வேலை இல்லை. காலி வீதியில் பஸ் ஏறி, பைக்கற்றை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மகனுக்குப் பால் கொண்டுபோகும் தகப்பனாக என்னை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

குறுகிய ஒழுங்கைக்குள் வேர்க்கடலை விற்கிறவரைத் தாண்டிப் போனால், பட்டறை ஷட்டர் தரைவரை இறக்கியிருந்தது. வகுப்பு இல்லையோ என்று நினைத்தேன். பிறகு உள்ளே மின்சாரம் சீறுகிற சத்தம் கேட்டது. ஷட்டரின் மேல் விளிம்பால் வெள்ளைப் புகை கசிந்து சுவரைத் தடவிக்கொண்டு ஏறியது. தட்டினேன். முழங்கால் உயரத்துக்குத் தூக்கி ஒரு முகம் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது, பிறகு இடுப்புவரை தூக்கினார்கள். நான் குனிந்து உள்ளே போனேன்.

உள்ளே பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. தலையணை கிழிந்ததுபோல வெள்ளை நூல் நூலாகப் புகைக்குள் மிதந்து பையன்களின் தோளிலும் புருவத்திலும் படிந்தது. நாக்கில் ஒரு இனிப்பு ஏறியது. மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லும் இனிப்பு இதுதான் என்று என் நாக்குக்கு என் மூளைக்கு முன்னால் தெரிந்துவிட்டது. எல்லோரும் முகக்கவசத்துக்குள் இருந்தார்கள். என்னுடையவன் எவன் என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ் என் கையைப் பார்த்தார். “அடே, பால்காரர் வந்துட்டாரு. யாரோட பால்டா இது?”

சிரித்தார்கள். ஒரு கவசம் மட்டும் மேலே போனது. மகனின் முகம் செத்தவன் முகம்போல வெளிறியிருந்தது. அது வெட்கத்தாலா புகையாலா என்று தெரியவில்லை.

“நல்லவேள கொண்டாந்தீங்க சேர்” என்றார் பாஸ். “ஞாயித்துக்கெழமன்னா ஜீஐ பைப்தான், இன்னைக்குப் பூரா அதுதான். பால் இல்லாட்டி ஒங்க வீட்டுல இன்னைக்கும் டெங்குதான்.”

மூலையிலிருந்து யாரோ “அப்பாட டெங்கு” என்றான். அது அங்கே பழைய பகிடி என்று சிரிப்பிலிருந்து விளங்கியது. நான் இரத்தம் சோதித்தது, பப்பாசி இலை, அந்தூரியம் சாடி எல்லாம் அந்தக் கொட்டிலுக்குள் வந்து சேர்ந்திருந்தன.

நான் கேட்கக் கேட்க அவர் ஒளிக்காமல் சொன்னார். துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக் குழாய்க்கு மேல் துத்தநாகம் பூசியிருக்கும். அதை அப்படியே வைத்து ஒட்டினால் பூச்சு எரிந்து புகையாகும். அந்தப் புகை போனால் இரவு நடுங்கும், விடிந்தால் விட்டுவிடும். பால் குடித்தால் புகையை அது இழுத்துக்கொண்டு போய்விடும். “எனக்கும் வந்திச்சு, எனக்குப் பழக்கின பாஸுக்கும் வந்திச்சு. சின்னப் புள்ளைக்கு ஊசி போட்டா காய்ச்சல் வருதே சேர், அது மாதிரி.” பூச்சை முதலில் உரசி எடுத்துவிட்டு ஒட்டினால் என்ன என்று கேட்டேன். நேரம் போகும் என்றார். பையன்கள் அன்று ஒட்டிக்கொண்டிருந்தது யாருடைய வீட்டுக்கோ போகவிருந்த தண்ணீர்த் தொட்டித் தாங்கி. பயிற்சி என்று பெயர், வேலை அவருடையது.

“அப்ப இவன் நடுங்கிக்கொண்டு வீட்டை வாறது உங்களுக்குத் தெரியும்” என்றேன்.

“தெரியாமலா? ஓட்டோவுல ஏத்தி வுடுறதே நாந்தானே.”

ஷட்டரைத் திறக்கச் சொன்னேன். ஏலாது என்றார். எதிர்வீட்டு அக்கா தன் பிள்ளைகளின் கண்ணுக்கு வெளிச்சம் படுகிறது என்று மாநகரசபைக்குச் சொல்லப் போகிறாவாம், நான் வேண்டுமானால் அவவோடு கதைத்துப் பார்க்கலாமாம். சொல்லும்போதும் அந்த மனிதர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் அன்று வந்த வெறுப்பு இன்னும் குறையவில்லை. நான் மகன் பக்கம் திரும்பி, வா போவோம் என்றேன்.

அவன் கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க போங்கோ அப்பா” என்றான். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி, “பாலைத் தந்திட்டுப் போங்கோ.”

கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளவத்தையில் எங்கள் குடும்ப டொக்டரிடம் போய்க் கேட்டபோது அவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். பால் வயிற்றுக்குப் போகும், புகை நெஞ்சுக்குப் போகும், இரண்டும் சந்திப்பதே இல்லை என்றார். அநேகமாக இந்தக் காய்ச்சல் தானாகப் போய்விடும், ஆனால் மூடிய இடத்தில் அளவு கூடினால் நெஞ்சில் நீர் கட்டும், அப்போது அது விளையாட்டில்லை என்றார். அன்று பின்னேரம் மகனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. தொலைபேசியில் தேடிப் பார்த்திருக்கிறான். ருமேனியாவுக்கு ஆள் எடுக்கும் முகவர் ஒருவர் சோதனை வைக்க வருகிறார், பாஸ் கூட்டிப் போகிறவர்களைத்தான் பார்ப்பார், பாஸுக்குப் பிடிக்காமல் போனால் வருடமும் போய்விடும் என்றான். பூச்சை உரசிவிட்டாவது ஒட்டு என்றேன். “எல்லாரும் ஒட்டிக்கொண்டிருக்க நான் மட்டும் உரசிக்கொண்டு நிக்கவோ?” என்றான். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அப்போது அவன் அவளைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான். “அம்மா, என்ர கை நல்லா ஓடுதெண்டு அவர் சொன்னவர். எனக்கு ஒருத்தரும் இதுவரைக்கும் அப்பிடிச் சொன்னதில்லை.”

அந்த மனிதர் என் வீட்டிலிருந்து களவெடுத்தது எது என்று யாராவது கேட்டால் நான் அந்த வசனத்தைத்தான் சொல்வேன்.

முகவரின் சோதனைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை விடியலிலிருந்து மழை கொட்டியது. மத்தியானத்துக்குப் பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பயிற்சிக்கு வரும் பையன் ஒருவன். மகனுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் போய்விட்டது, பாஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார் என்றான். மழை என்று ஷட்டரை இறக்கி, பின்சுவரின் இடைவெளிக்கும் தறப்பாள் கட்டி, காலையிலிருந்து ஜீஐ பைப் ஒட்டியிருக்கிறார்கள். பால் குடித்தவன்தான் என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தப் பிள்ளைக்கு அதுதான் விளங்காமல் இருந்தது.

நாங்கள் போனபோது மகனை நுளம்புவலைக்குள் கிடத்தியிருந்தார்கள். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. வலைக்குள் கிடந்தவர்கள் எல்லோரும் டெங்கு நோயாளிகள். மனைவி ஓடிப்போய் வலையைப் பிடித்துக்கொண்டாள். பாஸ் வார்டுக்கு வெளியே நடைபாதையில் நின்றார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். அன்று சிரிக்கவில்லை.

“சேர், நான் டெங்குன்னு சொல்லித்தான் சேர்த்திருக்கேன். காய்ச்சல் இருந்திச்சு, நடுங்கினாரு, அவ்வளவுதான். கேட்டா நீங்களும் அப்பிடியே சொல்லுங்க. வெல்டிங்னா விசாரிக்க வருவாங்க, பட்டறைய மூடுவாங்க, மல்லிட டெஸ்டும் போயிரும்.” நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். “நீங்களே இவ்வளவு நாளா டெங்குன்னுதானே சொன்னீங்க” என்றார்.

அந்த நடைபாதையை நான் இன்னும் தாண்டவில்லை. கந்தோரில் மேசைக்கு முன்னால் இருக்கும்போதும் சில வேளை அங்கேதான் நிற்கிறேன். பெனைல் மணம், நனைந்த குடைகள், என் கையைப் பிடித்த அந்தச் சொரசொரப்பான கை. அந்த மனிதர் எனக்குத் தந்தது என்னுடைய பொய்யைத்தான். நான் படிக்கட்டில் நின்று கத்தியதை எடுத்து, மடித்து, என் மகனின் கட்டிலுக்கு மேல் வைத்திருந்தார்.

நான் கட்டிலடிக்குப் போனேன். வலைக்குள் மகனின் உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்தது. அவனால் கதைக்க முடியவில்லை. என்னைப் பார்த்தான், டொக்டர் வருகிற பக்கம் பார்த்தான், பிறகு தலையை மெல்ல இல்லை என்று அசைத்தான். சொல்ல வேண்டாம் என்கிறான். அவனுடைய ருமேனியா என் வாய்க்குள் இருந்தது.

டொக்டர் இளம்பெண், சிங்களவர். நான் சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம். மகன் வெல்டிங் பழகுகிறான், காலையிலிருந்து மூடிய கொட்டிலில் துத்தநாகப் புகையை இழுத்திருக்கிறான், இது டெங்கு இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் சேலைனை நிறுத்திவிட்டார். நெஞ்சில் ஏற்கனவே நீர் கட்டுகிறவனுக்கு மேலும் நீர் ஏற்றிக்கொண்டிருந்தோம் என்று பிறகு சொன்னார். யார் கொண்டுவந்து சேர்த்தது என்று கோபமாகக் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். நடைபாதை வெறுமையாக இருந்தது.

ஒட்சிசன் முகமூடியோடு சில நாள் கிடந்தான். பிறகு வேறு வார்டு, பிறகு வீடு. யாரோ வந்து விசாரித்தார்கள், ஷட்டருக்குப் பூட்டுப் போட்டார்கள். சோதனை வைக்க வந்தவர் வந்த வழியே போய்விட்டார். ஒரு பையனின் தாய் என்னை அழைத்து, உங்கட புள்ள தப்பிட்டான், என்ட புள்ளைட வாழ்க்கைய மூடிட்டீங்க என்று சொல்லி, நான் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டா. மகன் என்னோடு கதைப்பதை நிறுத்தினான். ஏதாவது வேண்டுமானால் தாயிடம் கேட்பான். நான் மேசைக்கு வந்தால் அவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போவான். நான் சொன்னது சரி. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. சரியாகச் சொன்னவனோடு ஒரு வீட்டில் இருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதும் எனக்குத் தெரிந்தது.

மழைக்காலம் முடிந்ததும் பட்டறை திறந்தது. எப்படி என்று எனக்குத் தெரியாது. கொழும்பில் மூடியது திறபடுவதில் புதினம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மகன் தாயிடம், நான் கேட்கும் தூரத்தில் நின்று, நாளைக்கு வகுப்புக்குப் போகிறேன் என்றான். முகவர் மறுபடியும் வருகிறாராம். அவள் அழுதாள். நான் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அவனை மறிக்க எனக்கு வலு இல்லை, அந்த மனிதரைத் திருத்தவும் வலு இல்லை. எனக்கு வலுவுள்ள ஏதாவது இருக்கிறதா என்று விடியும்வரை யோசித்தேன்.

காலையில் பல்கனியிலிருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மகனுக்குப் பின்னால் படியிறங்கினேன். பஸ்ஸில் அவன் முன்னால் போய் இருந்துகொண்டான், என்னை யாரென்று தெரியாதவன்போல. கொண்டக்டர், ஐயா கதிரையோடு வந்திருக்கிறார், இவருக்கு சீற் தேவையில்லை என்று சிங்களத்தில் சொல்ல, பஸ் முழுவதும் சிரித்தது. மகனின் காது சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஷட்டர் மேலே போயிருந்தது. பையன்கள் உள்ளே போனார்கள். நான் ஷட்டர் இறங்கும் கோட்டுக்கு நேரே கதிரையைப் போட்டு, ஒழுங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

“என்னா சேர், இங்க மீட்டிங்கா?”

“நான் இதில இருக்கிறன். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ.”

எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம். பிறகு கொக்கித்தடி ஷட்டரில் மாட்டும் சத்தம். இரும்பு கரகரவென்று இறங்கியது. நான் திரும்பவில்லை. விளிம்பு என் தலைமயிரில் பட்டு நின்றது. அதன் குளிர் உச்சியில் தெரிந்தது.

“இறக்குங்கோ” என்றேன்.

அவர் இறக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், எனக்கு அவருடைய மூச்சிரைப்புக் கேட்டது. பிறகு ஷட்டர் மேலே போயிற்று.

அன்றிலிருந்து சனியும் ஞாயிறும் நான் அங்கேதான். எதிர்வீட்டு அக்கா முதல் நாளே ஒழுங்கைக்கு இறங்கி வந்து, “நீங்கதானா இதத் தொறந்து வச்சிக்கிட்டு இருக்கிறது? என் புள்ளைங்க கண்ணுக்கு நீங்க பொறுப்பா?” என்று ஏசினா. முன்னாலும் பின்னாலும் எனக்கு எதிரிகள். அவ வாயை மூட பாஸ் உள்ளே குறுக்காக ஒரு தறப்பாளைக் கட்டினார். வெளிச்சம் அதில் நின்றது, புகை அதற்கு மேலால் வந்து என் தலைக்கு மேலே ஒழுங்கைக்குப் போனது. அவர் அதை எனக்காகச் செய்யவில்லை. செய்ய முடிந்த ஒன்றை இவ்வளவு நாளும் செய்யாமல் இருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

பையன்கள் எனக்கு ஷட்டர் சேர் என்று பெயர் வைத்தார்கள். பாஸ் உரசும் மெஷினை என் பக்கம் திருப்பிப் பிடிப்பார், கதிரையின் முதுகில் பொறி பட்டுப் பட்டுப் பொத்தல் விழுந்தது. எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ போகும், என்னைத் தாண்டிப் போகும். அவர் வறட்டு இருமல் இருமுவார், நீளமான இருமல், முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கும். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். வரவில்லை என்றுதான் எழுத முடியும்.

அந்த வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது என்பதால் நான் முதுகைக் காட்டித்தான் இருந்தேன். ஆகவே என் மகன் வெல்டிங் செய்து நான் பார்த்ததே இல்லை. கேட்டிருக்கிறேன். பழகாதவன் கையில் அது வெடித்து வெடித்து நிற்கும். கை ஓடுகிறவனிடம் எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல ஒரே சீராகப் போகும். சில கிழமைகளில், திரும்பாமலே, இது அவன் என்று எனக்குத் தெரியத் தொடங்கியது. அந்த மனிதர் அவன் கையைப் பற்றிச் சொன்னது உண்மை என்பதும் தெரிந்தது. அதையும் அவரே முதலில் சொல்லியிருந்தார் என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காய்ச்சல் வரவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் அவன் இன்னும் முன்னால்தான் இருந்தான்.

சோதனையில் தேறினான். தாயிடம் சொன்னான், அவள் என்னிடம் சொன்னாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உள்ளே போகுமுன் என் பக்கம் வந்து, “போட்டு வாறன் அப்பா” என்றான். அவ்வளவு மாதங்களுக்குப் பிறகு எனக்கென்று அவன் சொன்ன வசனம் அது ஒன்றுதான். அதற்கே நான் பெல்ட்டைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு காலை விழித்துக்கொண்டேன். குளித்து, சட்டை போட்டு, படியிறங்கினேன். எங்கே என்று மனைவி மேலிருந்து கேட்டாள், நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். தறப்பாள் கட்டிய நாளிலிருந்து கதிரையை எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் வைத்திருப்பா. என்னைக் கண்டதும் முகம் கொடுக்காமல் தூக்கி நீட்டினா. உள்ளே புதுப் பையன்கள், வெடித்து வெடித்து நிற்கும் கைகள். பாஸ் என்னைப் பார்த்தார். மகன் போன பிறகும் வருவேன் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கொக்கித்தடியைச் சுவரில் சாத்திவிட்டுத் தறப்பாளுக்கு அப்பால் போனார். நான் அந்தப் பிள்ளைகளுக்காகப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

போன கிழமை மகன் அழைத்தான். இப்போது என்னோடும் கதைக்கிறான், குளிரைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி. அங்கே புகையை இழுத்துக்கொண்டு போகப் பெரிய குழாய்கள் இருக்கின்றனவாம்.

“அம்மா சொன்னவ, நீங்க இன்னும் அங்க போறீங்களாம்.”

“ஓம்.”

“ஏன் அப்பா? நான்தான் அங்க இல்லையே.”

“ஷட்டர் இருக்குத்தானே” என்றேன்.

அவன் தொலைபேசியை வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அவன் மூச்சு விடுவது கேட்டது. நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.